ஆறு காக்டெயில் கணக்கு

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, ஃபுக்கெட் போய்த் திரும்பும் கப்பலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. 4 இரவு. இப்போது வீட்டில் ஓடும் வழக்கு, நாள் கணக்கில் பணம் கட்டிவிட்டு வேண்டியதைக் குடிக்கும் 'எல்லாம் அடங்கிய' பானப் பேக்கேஜையும் வாங்குவதா என்பதுதான்.

"அங்கே போயும் ஒவ்வொன்றுக்கும் விலை பார்த்துக்கொண்டிருக்கணுமா?" என்கிறார் கணவர். சரி என்று கணக்குப் போட்டேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 80 டாலர், அதன்மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம். ஏறத்தாழ 94. ஒரு காக்டெயில் 14 என்றால் கட்டணத்தோடு பதினாறரை. தினமும் ஆறு குடித்தால்தான் போட்ட காசு திரும்பும். இவரோ ஒரு பியரிலேயே தூங்கிவிடும் ஆள்!

அப்புறம் பொடி எழுத்தில் ஒன்று இருந்தது: அறையில் ஒருவர் வாங்கினால் இன்னொரு பெரியவரும் வாங்கியாக வேண்டுமாம். மதுவைத் தொடாத எனக்கும் அதே விலை. பஃபே சாப்பாடு, தண்ணீர், சாதாரண டீ, காபி எல்லாம் ஏற்கெனவே டிக்கெட்டிலேயே சேர்த்தி. பினாங்கில் பாதிப் பொழுது கரையில்தான் இருப்போம். அங்கே தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் இருக்க, கப்பல் கோலாவையா தேடுவேன்?

வைஃபை மட்டும், அதுவும் ஒருவருக்கு வாங்கினால் போதும் என்று சொல்லிவிட்டேன். யாருடைய போனுக்கு என்று அடுத்த வழக்கு ஆரம்பித்திருக்கிறது.