காஃப்ரேயின் தலைக்குப் பின்னால் இருந்த பறவை

கலை வரலாற்றுத் தாளுக்காக நான் எழுதிப் பழகிய முதல் சிற்பக் கட்டுரை, அரியணையில் அமர்ந்த எகிப்திய மன்னன் காஃப்ரே பற்றியது. நான்கு பக்கம். ‘கம்பீரம்’ என்ற சொல் மட்டும் ஆறு இடத்தில். திருத்தித் தந்த ஆசிரியர் ஓரத்தில் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: “பறவை எங்கே?”

புத்தகப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். பறவை எதுவும் இல்லை. அது நேர் முன்னாலிருந்து எடுத்த படம். பக்கவாட்டுப் படம் ஒன்றைத் தேடிப் பிடித்த பிறகுதான் தெரிந்தது: ஹோரஸ் கடவுளின் வல்லூறு மன்னனின் பிடரிக்குப் பின்னால் உட்கார்ந்து, இரு சிறகாலும் தலையை அணைத்திருக்கிறது. முன்னால் நின்றால் தலைத்துணி அதை முழுக்க மறைத்துவிடும். மன்னனைக் கடவுளே காக்கிறார் என்ற, சிற்பத்தின் முக்கியமான செய்தியையே விட்டுவிட்டு நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்!

அதனால் எழுத உட்காருமுன் முன், பக்கம், பின் என மூன்று கோணப் படங்களாவது கையில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் பார்த்து நீங்களே கோட்டோவியம் போடுங்கள். அசிங்கமாக இருந்தால் பரவாயில்லை, எனதும் அப்படித்தான். சிறகு எங்கே முடிந்து தலைத்துணி எங்கே தொடங்குகிறது என்று கை தேடும்போதுதான் கண்ணும் பார்க்கிறது.

அப்புறம் அந்த ‘கம்பீரம்’. எதைப் பார்த்து அப்படித் தோன்றியது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பாதங்கள் இரண்டும் இணையாக ஊன்றியிருக்கின்றன. தோள்கள் ஒரே மட்டம். வலக்கை முஷ்டியாக மூடித் தொடைமேல் நிற்கிறது. பார்வை நம்மைத் தாண்டிப் போகிறது. கைக்கும் உடலுக்கும், காலுக்கும் அரியணைக்கும் நடுவே உள்ள கல்லைச் சிற்பி குடைந்து எடுக்கவே இல்லை. மனிதனும் இருக்கையும் ஒரே பாறையாகத் தெரிகிறார்கள். இவ்வளவையும் எழுதினால் ‘கம்பீரம்’ என்று சொல்லவே வேண்டாம்.

கல்லைப் பற்றியும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். இது நைஸ் என்னும் மிகக் கடினமான பாறை. சிற்பம் கிடைத்த கீசாவிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, அபு சிம்பல் பக்கத்துப் பாலைவனத்தில் வெட்டியது. இரும்புக் கருவி புழங்காத காலத்தில் கல்லால் கொத்தி, மணலால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். கல்லைக் குடையாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எழுதலாம். உடையாமல் என்றென்றும் நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. இறந்த மன்னனின் ‘கா’ என்னும் உயிர்ச்சக்தி வந்து தங்கும் உடல் அல்லவா அது. அப்படியென்றால் முன்னால் நிற்பவருக்குப் பறவை தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

கி.மு. 2570 வாக்கு, 168 செ.மீ. உயரம், 1860இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் மாரியெட் கண்டெடுத்தது, கெய்ரோ எகிப்திய அருங்காட்சியகம்: இந்த விவரமெல்லாம் தொடக்கத்தில் ஒரே வரி போதும்.

தேர்வில் காஃப்ரே வரவில்லை. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ள, இன்னொரு எகிப்திய மன்னன் மென்கௌரேயும் அரசியும் நிற்கும் சிற்பம் வந்தது. சரி என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். முகமும் மார்பும் வழவழப்பு. கீழே, கால்பக்கம் மெருகே ஏறவில்லை. என் விடையை அங்கிருந்துதான் தொடங்கினேன்.