பூங்காவில் குளிர்காலப் பறவை நடை: குழுவாகச் செய்து பார்த்தவை

இந்தக் குளிர்காலத்தில் எங்கள் நடையில் மெருகேறியது, பறவை இருக்கும் இடத்தைச் சொல்லும் முறைதான். "அதோ, அந்தக் கிளையில்!" என்றால் ஒருவருக்கும் பறவை கிடைக்காது, கையை நீட்டினால் அது கிளம்பிவிடும். இப்போது முதலில் மரம், அடுத்து உயரம், கடைசியில் கடிகார மணி. "இரட்டைத் தண்டு மரம், நடு உயரம், இரண்டு மணி, இலை விளிம்பிலிருந்து சற்று உள்ளே." மரத்தின் உச்சிதான் 12. நடக்கும் திசையை 12 என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு. இரண்டு வழக்கமும் ஒரே குழுவில் கலந்தால் குழப்பம்தான், அதனால் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு பேர் சரியான அளவு. ஆறைத் தாண்டினால் பின்வரிசை வந்து சேர்வதற்குள் பறவை போயிருக்கும்.

இருநோக்கியில் (பைனாகுலர்) 8×42 போதும்: 8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் விட்டம் 42 மி.மீ. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ.; கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. 10×42-இல் இது 4.2 மி.மீ.-ஆகக் குறையும், கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும், பார்வைப் பரப்பும் பெரும்பாலும் சுருங்கும். இலைக்குள் தாவும் கதிர்க்குருவியைத் தொடர அகன்ற பரப்பு வேண்டும். ஒருவர் கருவியை இன்னொருவர் வாங்கினால் வலக்கண் வளையத்தைச் சரிசெய்யாமல் பார்க்கக் கூடாது: இடக்கண்ணால் மட்டும் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்கி, பிறகு வலக்கண்ணால் மட்டும் பார்த்து வளையத்தைத் திருப்ப வேண்டும். கண்ணாடி அணிந்தவர்கள் கண்குவளையை உள்ளே தள்ளிவிடலாம். குளிரில் கண் பக்கத்து வில்லை மூச்சால் மங்கும். சட்டை நுனியால் துடைத்தால் தூசி கீறிவிடும், காற்றடித்துத் தூசியை நீக்கும் ஊதுபந்துதான் முதலில். நடை முடிந்து கதகதப்பான அறைக்கு வந்ததும் பையைத் திறக்க வேண்டாம். குளிர்ந்த வில்லையில் நீர் படியும்.

விடியலுக்கே போவதைவிட, வெயில் மர உச்சியைத் தொடும் நேரத்தில் அங்கே நிற்பது பலன் தருகிறது. பூச்சிகள் சூடேறி அசையத் தொடங்கும், கதிர்க்குருவிகளும் ஈப்பிடிப்பான்களும் அந்த வெயில் பக்கத்துக்கே வரும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி சுற்றுப்பாதையின் தொடக்கத்தைத் தேர்ந்துகொண்டால் நிறம் தெரியும். எதிரே இருந்தால் எல்லாம் கருநிழல்.

குளிர்காலத்தின் பெரிய விருந்து கலப்புக் கூட்டம். கூடு காக்கும் வேலை இல்லாததால் பல இனங்கள் சேர்ந்து இரை தேடுகின்றன: பல கண்கள் வல்லூறைக் கவனிக்கும், ஒன்று கலைத்த பூச்சியை இன்னொன்று பிடிக்கும். பத்து நிமிடம் வெறிச்சோடிய பூங்கா, திடீரென ஒரே மரம் முழுக்கப் பறவைகள்! பின்னாலேயே துரத்தினால் வால்கள்தான் தெரியும். கூட்டம் நகரும் திசையைப் பார்த்து, ஒரு மரம் தாண்டி முன்னால் போய் அசையாமல் நிற்க வேண்டும், அது தானாக நம்மிடம் வரும். இதைச் செய்யத் தொடங்கியபின் பட்டியலும் நீண்டது, பறவைகளும் மிரளவில்லை. பதிவுக் குரலை ஒலிபரப்பி அழைப்பதை நாங்கள் அறவே தவிர்க்கிறோம். இரை தேடும் நேரத்தை அது வீணாக்குகிறது.

எண்ணிக்கைக்கு ஒரே ஒருவர் பொறுப்பு. இருவர் எழுதினால் ஒரே வாலாட்டி இரண்டாகிவிடும். சென்ற வழியே திரும்பினால், திரும்பும்போது புதிய இனத்தை மட்டும் சேர்க்கிறோம். பெருங்கூட்டத்தில் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, மீதியைப் பத்துப் பத்தாக அளக்கலாம். பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் முழுப் பட்டியல் என்று குறிக்க, அடையாளம் தெரிந்த எல்லா இனங்களும் இருக்க வேண்டும். காகத்தை விட்டுவிட்டால் அது முழுப் பட்டியல் ஆகாது. சந்தேகமான கதிர்க்குருவியை 'கதிர்க்குருவி இனம்' என்றே விடுவது நேர்மை. குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலி காட்டும் பெயரை மட்டும் வைத்து நாங்கள் எதையும் சேர்ப்பதில்லை, ஏனெனில் பிற பறவைகளின் குரலைப் போலி செய்யும் பறவைகள் அதையும் ஏமாற்றும்.

அடுத்து, பிப்ரவரியில் நான்கு நாள் உலகெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பான கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட். 15 நிமிடப் பட்டியலே அதற்குப் போதும் என்பதால், நடையின் நடுவே குளக்கரையில் 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று எண்ணிப் பழகி வருகிறோம்.