பவுடர் வைத்தால் எலும்பு வளருமா?

"பவுடர் வெச்சா பல்லு ஆட்டம் நின்னுருங்களா டாக்டர்?" சேலத்தில் ஈறு சிகிச்சை செய்யும் எல்லோருக்கும் பழக்கமான கேள்வி இது. பவுடர் என்பது, எலும்பு கரைந்த குழியில் நாங்கள் வைக்கும் கிராஃப்ட் துகள்கள். கேட்பவர் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரராக இருக்கலாம், ஏற்காடு காபித் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும், பல்லைச் சுற்றி எலும்பு எந்த வடிவத்தில் கரைந்திருக்கிறது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

நல்ல ஈறில் ப்ரோப் (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் அளக்கும் மெல்லிய கம்பி) 1 முதல் 3 மி.மீ. வரைதான் இறங்கும். ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் அளக்கிறோம். 6, 7 என்று இறங்கும் இடத்தில் எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு விதமான காட்சி தெரியும். வரிசைப் பற்கள் எல்லாவற்றிலும் எலும்பு ஒரே மட்டமாகக் குறைந்திருந்தால் அதைத் திரும்ப மேலே கொண்டுவர இன்றுவரை நம்பகமான வழி கிடையாது. வேரை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் கீழே குடைந்துகொண்டு போயிருந்தால்தான் வாய்ப்பு. அந்தக் குழிக்கு 3 மி.மீ.க்குக் குறையாத ஆழமும், சுற்றிலும் இரண்டு மூன்று எலும்புச் சுவர்களும் வேண்டும். வேருக்கும் குழிச் சுவருக்கும் இடையிலான கோணம் 25 டிகிரிக்குள் இருந்தால் நல்ல பலன். 37ஐத் தாண்டினால் பலன் குறைவு. கீழ்க் கடைவாய்ப்பல்லில் வேர் பிரியும் இடத்துக்குள் ப்ரோப் பாதி நுழைந்து நின்றால் முயலலாம். மறுபக்கம் வெளியே வந்துவிட்டால் முயலாமல் இருப்பதே நேர்மை.

ஈறைத் திறந்து சுத்தம் செய்து மூடினால் காயம் ஆறத்தான் செய்யும். ஆனால் முதலில் ஓடி வருவது ஈறின் மேல்தோல் செல்கள். அவை வேரை ஒட்டிக் கீழே இறங்கிவிட்டால் எலும்புக்கும், பல்லை எலும்போடு பிடித்து வைக்கும் நார்களுக்கும் இடம் இருக்காது. வேர்ப் பரப்பில் எந்த செல் முதலில் குடியேறுகிறதோ அதுவே ஆறும் விதத்தைத் தீர்மானிக்கிறது என்று 1976இல் ஈறு ஆராய்ச்சியாளர் மெல்ச்சர் எழுதினார். 1982இல் ஸ்வீடனின் நைமன், லிண்டே குழுவினர் கீழ் வெட்டுப்பல் ஒன்றில் வடிதாளைத் தடுப்பாக வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வேரில் புதிய சிமெண்டமும் (வேரின் மேலுறை) அதில் பதிந்த நார்களும் இருந்தன. இன்று நாம் வைக்கும் கொலாஜன் மெம்பிரேன் என்ற கரையும் தடுப்புச் சவ்வு, அந்த வடிதாளின் வாரிசு. கரையாத மெம்பிரேன் என்றால் 4 முதல் 6 வாரத்தில் மறுபடி திறந்து எடுக்க வேண்டும். அதனாலேயே கரையும் வகையைப் பலரும் விரும்புகிறார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரங்களைப் பலர் அவசரப்படுத்துகிறார்கள். காரையையும் வேர்ப் படிவையும் எடுத்த பிறகு 6 முதல் 8 வாரம் விட்டுத்தான் மறுபடி அளக்க வேண்டும். 7 மி.மீ. இருந்தது 4 ஆகிவிட்டால் கத்தியே வேண்டாம். வாயில் பாக்டீரியாப் படிவு 20 சதவீதத்துக்குக் கீழ் வரவில்லை, மூன்று மாத சர்க்கரை அளவான எச்பிஏ1சி 7ஐத் தாண்டி நிற்கிறது, புகையிலை ஓயவில்லை என்றால் கிராஃப்ட் வைப்பது வீண் செலவு. ஆடும் பல்லைப் பக்கத்துப் பல்லோடு முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். பல்லுக்குள் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும்; செத்திருந்தால் வேர் சிகிச்சைதான் முதலில்.

வேலையின் நுட்பமெல்லாம் இரண்டு பற்களுக்கு நடுவே முக்கோணமாக நிற்கும் அந்தச் சின்ன ஈறில் இருக்கிறது. அதைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒரு வாரத்தில் நுனி கருகி, உள்ளே வைத்ததெல்லாம் வெளியே தெரியும். இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் அதை முழுசாக ஒரு பக்கம் தூக்குகிறோம். குறைவாக இருந்தால் சாய்வாக வெட்டுகிறோம். மரப்பு ஊசியையும் அந்த நுனியிலேயே குத்தக் கூடாது, அதில் கலந்த அட்ரினலின் அங்கே ரத்தத்தை நிறுத்திவிடும். குழிக்குள் இருக்கும் சதைத் துணுக்குகளை முழுக்கச் சுரண்டி எடுத்து, வேரைக் க்யூரெட் என்ற சுரண்டும் கருவியால் வழவழவென்று ஆக்க வேண்டும். கடைவாய்ப்பல்லின் முன்பக்கத்துக்கு கிரேசி வகை க்யூரெட்டில் 11/12 எண், பின்பக்கத்துக்கு 13/14. கிராஃப்டை ரத்தத்தில் நனைத்து, இருக்கும் சுவர் மட்டம் வரை மட்டும் தளர்வாக வைக்க வேண்டும். திணித்தால் புது ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைய வழியில்லை. குவித்தால் ஈறு மூடாது. மெம்பிரேன் குழியின் விளிம்பைத் தாண்டி 2, 3 மி.மீ. படிய வேண்டும். பட்டு நூல் அழுக்கை உள்ளே உறிஞ்சும். ஒற்றை இழை நூலே நல்லது. இழுத்துக் கட்டித்தான் ஈறு சேர்கிறது என்றால் அந்தத் தையல் பிரியப் போகிறது என்று அர்த்தம். அடியில் இன்னும் தளர்த்திவிட்டுத் தைக்க வேண்டும்.

செலவைக் குறைக்க, நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிஆர்எஃப் (தட்டணுக்கள் நிறைந்த ஃபைப்ரின், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் நார்க் கட்டி) எடுப்பது இங்கே பரவலாகிவிட்டது. 10 மி.லி. ரத்தத்தை, நிமிடத்துக்கு 2700 சுற்றில் இயந்திரத்தில் 12 நிமிடம் சுற்ற வேண்டும். அது தோற்பது பெரும்பாலும் சின்னக் காரணங்களால்தான். குழாய் கண்ணாடியாகவோ உட்பூச்சு உள்ளதாகவோ இருக்க வேண்டும், உறைதல் தடுக்கும் மருந்து இருக்கவே கூடாது. அந்த மருந்துள்ள ஊதா மூடிக் குழாயில் பிடித்தால் ஒரு நாளும் கட்டியாகாது. ரத்தம் எடுத்த ஓரிரு நிமிடத்துக்குள் சுற்ற ஆரம்பிக்காவிட்டால், நடுவில் திரண்டு நிற்க வேண்டிய ஃபைப்ரின் கூழாகிவிடும். சுற்றும்போது கரண்ட் போனால் அந்தக் குழாயும் வீண், ஆகவே யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது.

அடுத்த ஆறு வாரம் நோயாளியின் கையில். உள்ளே இருக்கும் ரத்தக்கட்டி அசையாமல் இருந்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும். அந்தப் பக்கம் 3, 4 வாரம் பிரஷ் கிடையாது. குளோர்ஹெக்ஸிடின் மருந்தால் வாய் கொப்பளிப்பது காலையும் இரவும். சேலத்தின் மொறுமொறுப்பான தின்பண்டமான தட்டுவடை செட் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதிக் கொடுக்கிறோம். "கடினமான உணவு வேண்டாம்" என்றால் இந்த ஊரில் யாருக்கும் அது தட்டுவடையாகத் தோன்றுவதில்லை. மாம்பழ சீசனில் இன்னொரு தொல்லை: நார் மாட்டிக்கொண்டால் கை தானாக ஊக்கைத் தேடும், காப்பாற்றி வைத்த முக்கோண ஈறு அதிலேயே கிழியும். வாயில் மணல் போல ஒன்றிரண்டு துகள் வருவது சகஜம். நிறைய வந்தாலோ மெம்பிரேன் வெள்ளையாகத் தெரிந்தாலோ உடனே வர வேண்டும். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள். மலையிலிருந்து வருபவர்களுக்குக் காலை நேரத்தில் செய்வதும், ரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டு மதியம் அனுப்புவதும் வழக்கம். காபி அறுவடை மாதங்களில் அவர்களால் மறுபரிசோதனைக்கு வர முடியாது. எனவே அந்தக் காலத்தில் அறுவை சிகிச்சை வைப்பதில்லை.

மறுநாள் எக்ஸ்ரேயில் குழி வெள்ளையாக நிறைந்திருக்கும். அதை எலும்பு என்று நோயாளியிடம் காட்டுவது தவறு, தெரிவது வைத்த பவுடர்தான். ஆறு மாதத்துக்கு ப்ரோப்பை உள்ளே விடக் கூடாது. அதன் பிறகு அளவு குறைந்திருந்தாலும் உள்ளே உண்மையில் நார்கள் பதிந்தனவா, மேல்தோல்தான் நீளமாக ஒட்டியிருக்கிறதா என்பதைத் திசுவை எடுத்துப் பார்த்தால் மட்டுமே சொல்ல முடியும். அதற்காக யாரும் பல்லைப் பிடுங்குவதில்லை. பாக்கெட்டின் (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தின்) ஆழம் குறைந்து, ரத்தக் கசிவு நின்று, எக்ஸ்ரேயில் குழி மேடேறி வருகிறது என்றால் சிகிச்சை நன்றாகவே நடந்திருக்கிறது. நல்ல தேர்வில் 2 முதல் 4 மி.மீ. பிடிப்புத் திரும்பும். கேட்கும்போது சிறியதாகத் தெரியும் இந்த எண்ணை அறுவை சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், கூடவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வர முடியுமா என்றும் கேட்க வேண்டும். முடியாது என்பவருக்கு நாங்கள் மெம்பிரேன் வைப்பதில்லை.