ஸ்டோர்காரன் பார்த்த போர்ப்படம்

முதல் உலகப் போரைப் பற்றி எட்வர்ட் பெர்கர் 2022-இல் எடுத்த ஜெர்மன் படம், ‘ஆல் க்வைட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’. படம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே என் வேலை திரைக்கு வந்துவிட்டது. நான் மணலியில் ஒரு கான்ட்ராக்டரிடம் ஸ்டோர் கீப்பர். ஷட்டவுன் வேலைக்கு, அதாவது ஆலையை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கும் வேலைக்கு, போகும் ஆட்களுக்கு ஷூ, ஹெல்மெட், பாய்லர் சூட், கையுறை எல்லாம் என் கையிலிருந்துதான் போகும். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பேன். வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி வைப்பேன்.

படத்தில் முதலில் ஹைன்ரிஷ் என்ற சிப்பாய் தாக்குதலில் சாகிறான். அவனை அங்கேயே விட்டுவிட்டு, அவன் போட்டிருந்த உடுப்பின் பின்னால் கேமரா போகிறது. பிணங்களிலிருந்து கழற்றிய சீருடைகளை மூட்டை கட்டுகிறார்கள். துவைக்கும்போது தண்ணீர் சிவந்து போகிறது. ஒரு கூடம் நிறைய பெண்கள் உட்கார்ந்து தையல் மெஷினில் ஓட்டைகளை அடைக்கிறார்கள். பிறகு பவுல் பாய்மர் என்ற பள்ளிக்கூடத்துப் பையன் சிரித்த முகத்தோடு ராணுவத்தில் சேர வந்து, அந்த உடுப்பை வாங்குகிறான். கழுத்துப் பக்கம் வேறொருவன் பெயர் தைத்திருக்கிறது. இது வேறு யாருடையதோ என்று திருப்பிக் கொடுக்கிறான். அந்த ஆளுக்கு அளவு சின்னதாகிவிட்டிருக்கும், இப்படி நடப்பதுதான் என்று சொல்லிக்கொண்டே மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் பெயர்ப்பட்டையைப் பிய்த்துக் கீழே போடுகிறான். தரையில் ஏற்கெனவே அப்படிப் பல பட்டைகள் கிடக்கின்றன.

எரிஷ் மரியா ரெமார்க்கின் 1929 நாவலில் இந்தக் காட்சி கிடையாது. அதில் பூட்ஸ் உண்டு. கால் எடுக்கப்பட்டுச் சாகக் கிடக்கும் கெம்மரிஷின் நல்ல பூட்ஸ் நண்பர்களிடையே ஒவ்வொருவராகக் கைமாறும். ரெமார்க் பதினெட்டு வயதில் படைக்கு எடுக்கப்பட்டு, 1917-இல் காயம்பட்டவர். பூட்ஸைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு வரிகூடக் கற்பனையாக எனக்குத் தோன்றவில்லை.

ஏனென்றால் எங்கள் ஸ்டோரில் திரும்பி வரும் பொருளை நான் தினமும் கையில் எடுத்துப் பார்க்கிறேன். ஹெல்மெட்டின் உள்பட்டையில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருப்பார்கள். சிலர் செல் நம்பர், சிலர் மகளின் பெயர். தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் மை மங்குமே தவிர முழுசாகப் போகாது. ஷூ இன்னும் மோசம். உள்ளே இருக்கும் அட்டையில் போட்டிருந்தவனின் ஐந்து விரலும் குழி விழுந்து பதிந்திருக்கும். அடுத்தவன் கால் அந்தக் குழிகளுக்குள் உட்காராது. இரண்டு நாளில் குதிகாலில் கொப்புளம். “இன்னாண்ணே, வேற யார் பேரோ இருக்குது?” என்று கேட்காத புதுப் பையன் குறைவு. வேலையை விட்டு நின்றவருடையது என்போம். பெரும்பாலும் அது உண்மைதான். விபத்தில் சிக்கியவருடையதும் அதே ரேக்கில்தான் இருக்கும் என்பதும் உண்மை.

ஆலையைப் போர்க்களம் என்று சொல்ல நான் வரவில்லை. அங்கே ஆளைக் கொல்வதுதான் வேலை, இங்கே அப்படி இல்லை. ஆனால் தோற்கிற பக்கம் எது என்பது தளபதிக்குத் தெரிவதற்கு முன்னால் ஸ்டோருக்குத் தெரிந்துவிடும் என்று நான் நம்புகிறேன். இந்தப் படம் தோல்வியை அந்த இடத்திலிருந்தே சொல்கிறது. பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையால் ஜெர்மனிக்குள் சரக்கு வருவது நின்றுபோனது. 1916-17 குளிர்காலத்தை டர்னிப் கிழங்கைத் தின்று மக்கள் ஓட்டினார்கள். பருத்தி இல்லாமல் காகிதத்தைத் திரித்து நூலாக்கித் துணி நெய்தார்கள். செத்தவன் சட்டையைக் கழற்றித் துவைக்கும் படை ஜெயிக்கும் நிலையில் இருந்திருக்க முடியாது.

படத்தில் ஓர் இடம் உண்டு. பிரெஞ்சுக்காரர்களின் பதுங்குகுழியைப் பிடித்து உள்ளே போனால், அங்கே ரொட்டியும் இறைச்சியும் கிடக்கிறது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அள்ளி அள்ளித் தின்கிறார்கள். எதிரியின் ஸ்டோரை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். வாயில் உணவு இருக்கும்போதே தரை அதிர ஆரம்பிக்கிறது. டாங்கிகள் வருகின்றன.

அந்தப் போர் வடசென்னைக்கும் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் துறைமுகத்தருகே வந்து நின்று சுட்டபோது, அது குறிவைத்தது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகளை. அதுவும் ஸ்டோர்தான். பயந்து ஊரைக் காலி செய்து ஓடிய கதையை ராயபுரம், தண்டையார்பேட்டைப் பெரியவர்கள் தங்கள் பெரியவர்களிடம் கேட்டதாகச் சொல்வார்கள். கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் சாமர்த்தியத்தையும் சேர்த்தே சொல்வார்கள். அதே வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அது கரியில் ஓடிய கப்பல். கீழே கொதிக்கும் அறையில் நின்று கரி அள்ளிப் போட்டவர்களைப் பற்றி நம் கதைகளில் ஒரு வரியும் இல்லை. அவர்களும் பவுல் மாதிரிப் பையன்கள்தான் என்று இந்தப் படத்துக்குப் பிறகே எனக்கு உறைத்தது.

படத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. நாவலில் பவுல் விடுப்பில் வீட்டுக்குப் போவான். அம்மா படுக்கையில் கிடப்பாள். போர் எப்படிப் போகிறது என்று ஊரில் ஆளாளுக்குக் கருத்துச் சொல்வார்கள், அவனால் வாயைத் திறக்க முடியாது. லூயிஸ் மைல்ஸ்டோன் 1930-இல் எடுத்த படத்திலும் அது இருந்தது. பெர்கர் அதை எடுத்துவிட்டு, ஜெர்மன் அரசியல்வாதி எர்ட்ஸ்பெர்கர் ரயில் பெட்டியில் பிரெஞ்சுத் தளபதி ஃபோஷின் முன் உட்கார்ந்து போர்நிறுத்தம் பேசுவதை வைத்திருக்கிறார். பெரியவர்கள் பேசுவதை நாம் நிறையப் பார்த்தாயிற்று. வீட்டுக்கு வந்தவன் பேசாமல் இருப்பதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் ஃபிட்டர் பையன் ஒருவனும் நான் சொல்லிப் படத்தைப் பார்த்தான். கடைசி நாள் பதினொன்று மணிக்குப் போர் முடியப் போகிறது என்று தெரிந்தே ஜெனரல் ஆட்களைத் தாக்குதலுக்கு ஓடவிடுவதைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

“அந்தத் தையல்காரப் பொம்பளைங்களுக்கு அது யார் சட்டைன்னு தெரியாதாண்ணே?”

“தெரியாம இருக்குமாடா? குண்டு போன ஓட்டையைப் பார்த்துத்தானே தைக்கணும்.”

“அப்ப அவங்க ஒண்ணுமே சொல்லலியே?”

அதற்கு அவனும் நானும் டீ ஆறும்வரை பேசினோம். புருஷன் போரில் இருக்கும்போது கூலியை விட முடியுமா என்றேன் நான். ஒரு பட்டையையாவது எடுத்து வைத்திருக்கலாம் என்றான் அவன்.

அடுத்த ஷட்டவுனுக்கு வேண்டிய பொருள்களைக் கேட்டு எழுதும் இண்டென்டில், புதிதாகச் சேரும் எல்லோருக்கும் புது ஷூ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். விபத்தில் சிக்கியவரின் பொருளை ரேக்கில் சேர்க்காமல் வீட்டாரிடம் கேட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்றும் கீழே எழுதினேன். ஷூவுக்குப் பாதி எண்ணிக்கை ஒப்புதலாகி வந்திருக்கிறது. மற்றதை நேரில் போய்க் கேட்க வேண்டும்.