ஒற்றைக் கண்ணாடியின் விலை: ஓர் ஈவ் ஆன்லைன் நாட்குறிப்பு

21 ஜூன் 2011, செவ்வாய்

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி இணைய ஆட்டத்தின் புதிய விரிவாக்கமான இன்கார்னா இன்று வெளியாகிவிட்டது. 2003 மே மாதத்திலிருந்து எட்டு ஆண்டுகளாகக் கப்பலாக மட்டுமே வாழ்ந்துவந்த ஈவ் ஆன்லைன் ஆட்டக்காரருக்கு இனி கை, கால், முகம் எல்லாம் உண்டு. நிலையத்தில் கப்பலை நிறுத்தியதும் நடமாட ஓர் அறையும் உண்டு. நான்கு இனங்களில் எதைச் சேர்ந்தவரானாலும் இப்போதைக்கு அவற்றில் ஒன்றான மின்மடார் இனத்தின் பாணியில் அமைந்த அந்தத் துருவேறிய அறைதான். அதன் கதவு திறப்பதில்லை. வேறு யாரும் உள்ளே வர முடியாது, நாமும் வெளியே போக முடியாது.

அறையைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அதனுடன் சேர்ந்து திறக்கப்பட்டிருக்கும் நோபிள் எக்ஸ்சேஞ்ச் என்ற உடைக் கடை. அங்கே செலவழிக்க ஆரம் என்றொரு புதிய நாணயத்தை அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். பணம் கொடுத்து வாங்கும் ஆட்டநேரச் சீட்டான பிளெக்ஸ் ஒன்றைக் கொடுத்தால் 3,500 ஆரம் கிடைக்கும். கண்ணில் பொருத்திக்கொள்ளும் மோனோகிள் என்ற ஒற்றைக் கண்ணாடியின் விலை 12,000 ஆரம். மூன்று பிளெக்ஸ் போதாது, நான்கை மாற்ற வேண்டும். மாற்றி வாங்கியபின் 2,000 ஆரம் கையில் தங்கிவிடும், அதைச் செலவழிக்க மறுபடியும் அதே கடைக்குத்தான் வர வேண்டும். டாலர் கணக்கில் இது 60-ஐத் தாண்டுகிறது. மாதச் சந்தா 14.95 டாலர், நம் பணத்தில் ஏறத்தாழ 670 ரூபாய். ஆக, நான்கு மாதம் ஆடுவதற்கு ஆகும் பணத்தை ஒரு கண்ணாடிக்குக் கேட்கிறார்கள், அதுவும் நாம் ஒருவர் மட்டுமே இருக்கும் பூட்டிய அறைக்குள் அணிந்துகொள்வதற்கு. மற்றவர் கண்ணில் படுவது நம் பெயருக்குப் பக்கத்தில் வரும் சிறிய முகப்படத்தில் மட்டும்தான்.

விலை அதிகம் என்பதற்காக மட்டும் ஒரு பொருளைக் குறை சொல்ல மாட்டேன். வேண்டாதவர் வாங்காமல் இருந்துவிடலாம். கடையைத் திறந்தால் பொருள் இருக்கிறது, விலை இருக்கிறது, அந்த விலைக்கான காரணம் எங்குமில்லை என்பதுதான் உறுத்துகிறது.

22 ஜூன், புதன்

எங்கள் கார்ப்பரேஷன் எனும் ஆட்டக்காரர் குழுவின் அரட்டைச் சேனலில் இரவு முழுவதும் இதே பேச்சாக இருந்தது. அண்மையில் சேர்ந்த தம்பி ஒருவர், பிளெக்ஸை ஏற்றுக்கொண்ட நீங்கள் இந்தக் கடைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கொதிக்கிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான் என்பதால் பதிலைச் சற்று விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

பிளெக்ஸ் 2008-இன் இறுதியில் வந்தது. ஒரு பிளெக்ஸ் என்பது 30 நாள் ஆட்டநேரம். பணம் உள்ளவர் அதை டாலர் கொடுத்து வாங்கி, ஆட்டத்துக்குள் உள்ள சந்தையில், ஆட்டத்தின் பணமான ஐஸ்க்குக்கு விற்கிறார்; நேரம் உள்ளவர் சுரங்கம் வெட்டியோ வணிகம் செய்தோ சேர்த்த ஐஸ்க்கைக் கொடுத்து அதை வாங்கிச் சந்தாவாகப் பயன்படுத்துகிறார். இதில் வெறும் காற்றிலிருந்து எந்தப் பொருளும் பிறக்கவில்லை. டாலர் கொடுத்தவர் கையில் சேரும் ஐஸ்க் வேறொருவர் ஏற்கெனவே உழைத்துச் சேர்த்தது. அதைக் கொண்டு அவர் வாங்கும் கப்பலும் தோட்டாவும் இன்னொருவர் கனிமம் தோண்டி, வடிவப்படம் வைத்து உருவாக்கியவை. போன ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒருவர் கெஸ்ட்ரல் என்னும் சிறு கப்பலில் 74 பிளெக்ஸை ஏற்றிக்கொண்டு, ஆட்டத்தின் பெரிய வணிக மையமான ஜிட்டாவில் பறந்ததும், அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் அதைச் சுட்டுத் தகர்த்ததில் 74-உம் சாம்பலானதும் அனைவரும் அறிந்த கதை. ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆட்டநேரம் ஒரே நொடியில் போயிற்று. ஆட்டத்தை உருவாக்கிய சிசிபி நிறுவனம் அதைத் திருப்பித் தரவேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கொடி பிடிக்கவில்லை, ஏனென்றால் பிளெக்ஸும் மற்றப் பொருள்களைப் போலவே இந்த உலகத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது.

நோபிள் எக்ஸ்சேஞ்சில் விற்கும் சட்டையை எந்த ஆட்டக்காரரும் நெய்யவில்லை. அது கடை அலமாரியிலேயே பிறக்கிறது. சட்டையாக இருக்கும்வரை இது யாரையும் பாதிக்காது. அதே அலமாரியில் நாளைக்கு ஒரு கப்பல் வந்து அமர்ந்தால், கப்பல் கட்டிப் பிழைக்கும் அத்தனை பேருடைய தொழிலும் அன்றைக்கே படுத்துவிடும். ஆட்டத்தின் பொருளாதாரத்தைக் கண்காணிக்க 2007 முதல் ஒரு பொருளியலாளரையே பணியில் வைத்திருக்கும் நிறுவனம் இது. இந்த வேறுபாடு அவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அப்படியென்றால் கடை திறந்த அன்றே, இங்கே இவை மட்டும்தான் விற்கப்படும், இன்னின்னவை ஒருபோதும் விற்கப்படமாட்டா என்று எழுதி ஒட்டியிருக்கலாமே என்பதுதான் தம்பிக்கு என் பதில்.

24 ஜூன், வெள்ளி

அச்சம் வீண்போகவில்லை. சிசிபியின் உள்சுற்று இதழான ஃபியர்லெஸ் கசிந்து எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. பேராசை நல்லதா என்பது அட்டைத் தலைப்பு. தங்கள் ஆட்டங்களில் எதையெல்லாம் பணத்துக்கு விற்கலாம் என்பதே இதழின் பொருள். அலங்காரப் பொருள்களோடு நின்றுவிடாமல் கப்பலும் தோட்டாவும்கூட நேரடியாக விற்பனைக்கு வரலாம் என்று அதில் இருக்கிறது. வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் ஆட்டத்தில் காசு கொடுத்து வாங்கும் தங்கக் குண்டைப் பார்த்தவர்கள், அதே தங்கத் தோட்டா நம் வானத்துக்கும் வரப்போகிறது என்று சேனலில் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இதழை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். ஒரு நிறுவனத்துக்குள் இப்படி ஒரு விவாதம் நடப்பதில் தவறே இல்லை. நடக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். சிக்கல் எங்கே என்றால், கப்பல் விற்பீர்களா, தோட்டா விற்பீர்களா என்று வெளியே நின்று கேட்பவர்களுக்கு ஒற்றை வரியில் பதில் வரவில்லை. உள்ளே அதே கேள்வி வண்ணப் பக்கங்களில் விரிவாக அலசப்பட்டிருக்கிறது. இனி என்ன மறுப்பு வந்தாலும் ஆட்டக்காரர் அதை இந்த இதழோடு ஒட்டிவைத்துத்தான் படிப்பார்.

டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆட்டத்தை வால்வ் நேற்று முற்றிலும் இலவசமாக்கியிருக்கிறது. காலம் மாறுகிறது என்பதை நானும் மறுக்கவில்லை.

26 ஜூன், ஞாயிறு

இரண்டு ஆவணங்களை அடுத்தடுத்துப் படித்தேன். முதலாவது, நிறுவனத்தின் மூத்த தயாரிப்பாளர் வெளியிட்ட விளக்கம். ஃபியர்லெஸ் இதழில் உள்ளவை விவாதத்துக்காக எழுதப்பட்ட கருத்துகள், நிறுவனத்தின் முடிவுகள் அல்ல என்கிறார். அதுவரை சரி. பிறகு மோனோகிளின் விலைக்கு நியாயம் சொல்ல வந்தவர், நிஜ உலகிலும் 1,000 டாலர் விலையுள்ள ஜீன்ஸ் இருக்கிறதே என்று உவமை காட்டுகிறார். கப்பலும் தோட்டாவும் விற்பீர்களா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களில் ஒன்று போதுமாக இருந்தது. கோடிக்கணக்கான ஐஸ்க்கைக் கையாண்டு பழகிய ஆட்டக்காரருக்கு விலை என்றால் என்ன என்று பாடம் எடுப்பது எந்த வகையிலும் உதவாது.

இரண்டாவது, தலைமைச் செயல் அலுவலர் ஹில்மர் பெட்டுர்சன் ஊழியர்களுக்கு எழுதி, கசிந்து வெளிவந்த மின்னஞ்சல். கடை திறந்த 40 மணி நேரத்தில் 52 மோனோகிள்கள் விற்றுவிட்டன என்றும், கடையின் மற்ற எந்தப் பொருளையும்விட அதுவே அதிக வருவாய் ஈட்டியது என்றும் அதில் எழுதியிருக்கிறார். வரும் எதிர்ப்பு முன்பே எதிர்பார்த்ததுதான் என்கிறார். ஆட்டக்காரர்கள் சொல்வதைக் குறைவாகவும் செய்வதை அதிகமாகவும் கவனிக்க வேண்டிய தருணம் இது என்பது சாரம். இந்தத் திட்டம் நிறுவனத்துக்குள் பல வழிகளில் பரவலாகத் தெரிவிக்கப்பட்டிருந்தது, எனவே யாரும் வியப்படையத் தேவையில்லை என்றும் ஒரு வரி இருக்கிறது. ஊழியர்களைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். பணம் கொடுக்கப்போகிறவர்களுக்கு அதே அளவு முன்கூட்டித் தெரிவிக்கப்பட்டதா என்று கேட்டுப் பார்த்திருந்தால், இந்த வாரம் வேறுவிதமாகக் கழிந்திருக்கும்.

விற்ற 52-ஐ எண்ணினார்கள். சந்தாவை நிறுத்துகிறவர்களை எண்ணினார்களா என்பது அந்த மின்னஞ்சலில் இல்லை. செய்வதைப் பார்ப்போம் என்றவருக்குக் காட்டுவதற்காகவே ஆட்டக்காரர்கள் ஜிட்டாவில் திரண்டிருக்கிறார்கள். நான்காம் கோளின் நான்காம் நிலவருகே உள்ள அந்த நிலையம்தான் ஆட்டத்தின் மிகப்பெரிய சந்தை. நிலையத்துக்கு வெளியே நிற்கும் நினைவுச்சின்னத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான கப்பல்கள் நின்று சுட்டுக்கொண்டே இருக்கின்றன. சுடுவதால் சின்னம் உடையப்போவதில்லை, ஆனால் சர்வர் திணறுகிறது. லேசர் கீற்றுகளுக்கு நடுவே கப்பல்கள் அசையவே மறுக்கின்றன. அமார் நிலையத்திலும் இதே காட்சி. நானும் சற்று நேரம் நின்று சுட்டேன். பக்கத்தில் நின்ற எதிர் அலையன்ஸ் கூட்டணிக்காரர்களோடு எங்களுக்குப் பல மாதப் பகை. இன்று ஒருவரையொருவர் தொடவில்லை.

3 ஜூலை, ஞாயிறு

ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சிஎஸ்எம் மன்றத்தை சிசிபியின் தலைமையகம் உள்ள ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகருக்கு அவசரமாக வரவழைத்து ஜூன் 30, ஜூலை 1 ஆகிய இரு நாள்களும் பேசியிருக்கிறார்கள். நேற்று இரு தரப்பும் சேர்ந்து அறிக்கை வெளியிட்டன. ஆட்டத்தின் போக்கைப் பாதிக்கும் பொருள்களைப் பணத்துக்கு விற்கும் திட்டம் இல்லை என்று சிசிபி தெளிவாகச் சொல்லிவிட்டது. கடையில் குறைந்த விலைப் பொருள்களும் வரும் என்கிறார்கள்.

ஜூன் 21-ஆம் தேதி மூன்று வாக்கியங்களில் முடிந்திருக்க வேண்டிய செய்தி இது. அதைச் சொல்ல இப்போது பிரதிநிதிகளைக் கடல் கடந்து விமானத்தில் வரவழைக்க வேண்டியிருந்தது. மன்றத்தில் உள்ளவர்கள் உள்ளே பார்த்துவிட்டு வந்து சொல்வதால் நான் நம்புகிறேன். எங்கள் கார்ப்பரேஷனில் பாதிப்பேர் நம்பவில்லை, அவர்களைக் கடிந்துகொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. திட்டம் இல்லை என்பது வேறு, செய்யமாட்டோம் என்பது வேறு என்று எங்கள் கார்ப்பரேஷனை நடத்தும் டைரக்டர் அண்ணன் சொன்னார். வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் அவர்.

14 ஆகஸ்ட், ஞாயிறு

புதிதாக எழுத ஒன்றுமில்லை. அறைக் கதவு இன்னும் மூடியே இருக்கிறது. வழக்கமாக ஆள் நிறைந்திருக்கும் எங்கள் சேனல், ஞாயிறு இரவிலும் வெறிச்சோடிக் கிடக்கிறது.

6 அக்டோபர், வியாழன்

ஹில்மர் நேற்று ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஜூன் மாத மின்னஞ்சலை எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது என்பதை நம்பச் சிரமமாக இருக்கிறது. நிதானம் காட்ட வேண்டிய இடத்தில் பொறுமையிழந்தேன், இணங்கிப்போக வேண்டிய இடத்தில் எதிர்த்து நின்றேன், பணிவு வேண்டிய இடத்தில் ஆணவம் காட்டினேன் என்று தன்னைப் பற்றியே எழுதுகிறார். கடையை அவசரமாகத் திறந்ததையும் ஒப்புக்கொள்கிறார். ஈவ் உங்களுக்குச் சொந்தமானது, நாங்கள் அதை நடத்தித் தருபவர்கள் மட்டுமே என்பது அவர் கற்ற பாடமாம்.

இந்தக் கடிதத்தை நான் மதிப்பதற்குக் காரணம் மன்னிப்பு அல்ல; இதில் யார் முடிவெடுத்தார், எது தவறாகப் போயிற்று, இனி எதில் உழைப்பைச் செலுத்தப்போகிறார்கள் என்பவை பெயரோடும் பொருளோடும் இருக்கின்றன. பறந்து சண்டையிடும் ஆட்டத்தைச் செப்பனிடுவதற்கே முதலிடம் என்கிறார். பழைய கப்பல்துறைக் காட்சியும் திரும்பி வருமாம். விலை அறிவிப்பு எழுதும் யாரும் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதலாம். யாருடைய முடிவு என்று சொல்லாத அறிவிப்பை ஆட்டக்காரர்கள் நிறுவனத்தின் பேராசை என்றே வாசிப்பார்கள். முடிவெடுத்தவர் கையெழுத்திட்டால், உடன்படாதவர்கூட எதிர்வாதம் செய்ய ஓர் ஆள் இருக்கிறார் என்று நினைப்பார்.

20 அக்டோபர், வியாழன்

ஊழியர்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரைப் பணியிலிருந்து அனுப்புவதாக நேற்று சிசிபி அறிவித்தது. பெரும்பாலும் அட்லாண்டா அலுவலகத்தினர். அவர்கள் உருவாக்கிவரும் மற்றோர் ஆட்டமான வேர்ல்ட் ஆஃப் டார்க்னஸுக்கான வேலை சுருக்கப்படுகிறது. ஜூன் மாதம் ஜிட்டாவில் சுட்டவர்கள் சிலர் இதை வெற்றி என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனமில்லை. மோனோகிளுக்கு விலை வைத்ததிலோ அந்த மின்னஞ்சலை எழுதியதிலோ அட்லாண்டாவில் இருந்தவருக்கு என்ன பங்கு இருந்திருக்கும்?

30 நவம்பர், புதன்

அடுத்த விரிவாக்கமான குரூசிபிள் நேற்று வந்தது. பட்டியல் நீளமானது: நான்கு புதிய போர்க்கப்பல்கள், வலுவூட்டப்பட்ட ஹைப்ரிட் ஆயுதங்கள், புதிய விண்மேகங்கள், கப்பலின் பின்னால் மீண்டும் ஒளிரும் எஞ்சின் தடம், பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சின்னச்சின்னத் திருத்தங்கள். நிலையத்துக்குள் நுழைந்ததும் அறை வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தால் கப்பல்துறை தெரிகிறது. கப்பலைச் சுட்டியால் பிடித்துச் சுழற்றிப் பார்க்கலாம். சேனலில் ஆளாளுக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

நோபிள் எக்ஸ்சேஞ்ச் இன்னும் திறந்தே இருக்கிறது. அதை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. சந்தா மட்டும் வாங்கி ஒரு ஆட்டத்தைப் பத்தாண்டு ஓட்டுவது கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜூலை அறிக்கையில் சொன்ன வாக்கை அந்தக் கடையின் முகப்பிலேயே, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கண்ணில் படுமாறு எழுதிவைக்க வேண்டும் என்று சிஎஸ்எம் உறுப்பினர் ஒருவருக்கு இன்று கடிதம் அனுப்பினேன். சேனலை விட்டுப் போனவர்களில் சிலர் திரும்பிவிட்டார்கள். டைரக்டர் அண்ணனும் வந்துவிட்டார், ஆனால் ஆண்டுச் சந்தா கட்டியவர் இப்போது மாதச் சந்தாதான் கட்டுகிறார். அடுத்த புதிய பொருளின் விலைப்பட்டியலைப் பார்த்தபின் மற்றதை முடிவு செய்வாராம். நானும் அப்படியே செய்திருக்கிறேன்.