இந்தி புரிகிறது, எழுதத்தான் வரவில்லை

இந்தியில் செய்தி கேட்பேன், நாவல் படிப்பேன், யார் பேசினாலும் பிடிபடும். ஆனால் நாலு வரி மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. "படிக்கப் படிக்க எழுத்து தானா வந்துடும்" என்றார்கள். வருடக்கணக்கில் படித்தேன், வரவில்லை.

படிக்கும்போது பாதி இலக்கணம் தேவையே படுவதில்லை, அதுதான் காரணம். 'மைனே கத் லிக்கா', 'மைனே சிட்டி லிக்கீ' இரண்டுமே 'நான் கடிதம் எழுதினேன்'தான். கத் ஆண்பால், சிட்டி பெண்பால். எழுதியது யார் என்பதைப் பற்றிக் கவலைப்படாமல், வினைச்சொல் கடிதத்தின் பாலைப் பிடித்துக்கொள்கிறது. படிப்பவருக்கு எது இருந்தாலும் பொருள் விளங்கிவிடும். எழுதுபவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். கதவும் ஜன்னலும் அஃறிணை என்று பழகிய நமக்கு, கதவு ஆண், ஜன்னல் பெண் என்றால் எப்படி நினைவில் நிற்கும்? போதாததற்கு நம் ஒரு 'க'வுக்கு அங்கே நாலு எழுத்து.

கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த, வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளைப் பற்றி மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெயின் 1985-ல் எழுதியதைப் பார்த்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வருடக்கணக்கில் பாடமே பிரெஞ்சில் கேட்டும், புரிகிற அளவுக்கு அவர்களுக்குப் பேசவோ எழுதவோ வரவில்லையாம். கேட்டால் மட்டும் போதாது, சொல்லவும் முயல வேண்டும் என்பது அவர் வாதம்.

சரி, முயன்றேன். இலக்கண அட்டவணைகளை மனப்பாடம் செய்ததில் ஒரு பயனும் இல்லை. கைகொடுத்தது வேறு. பிடித்த ஒரு பத்தியைப் படித்துவிட்டு, தமிழில் சில குறிப்புகள் மட்டும் எழுதி வைப்பேன். மூலம் மறந்துபோகும்வரை விட்டுவிட்டு, அந்தக் குறிப்புகளிலிருந்து இந்தியில் திரும்ப எழுதி, மூலத்தோடு ஒப்பிடுவேன். எங்கெல்லாம் கண் மேய்ந்துகொண்டு போயிருக்கிறது என்பது அப்போது பளிச்சென்று தெரியும். பெயர்ச்சொல்லைத் தனியாகப் படிப்பதையும் நிறுத்தினேன். 'லம்பா கத்', 'லம்பீ சிட்டி' (இரண்டுமே 'நீளமான கடிதம்') என்று அடைமொழியோடு சேர்த்தே எழுதிப் பழகினால் பால் கூடவே ஒட்டிக்கொள்கிறது. அப்புறம், போனில் சொல் பரிந்துரையை அணைத்துவிட்டேன். அது இருக்கும்வரை எழுத்துக்கூட்டல் எனக்குத் தெரியும் என்றே நம்பிக்கொண்டிருப்பேன்.

இப்போது வேலை மின்னஞ்சல்களை நானே எழுதுகிறேன். வாக்கியங்கள் குட்டையாகத்தான் இருக்கும். 'மைனே'யில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'நே' வரும் இடத்தில் இன்னமும் ஒரு நொடி நின்றுதான் போகிறேன்.