ஓடாத நாளையும் எழுதுகிறேன்

அக்டோபர் 13, 2024, ஞாயிறு

திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆர். போய்த் திரும்பி 28 கி.மீ. ஜனவரி 5 சென்னை மாரத்தானுக்கு இன்னும் 12 வாரம். விடிவதற்கு முன்பே அப்படியொரு புழுக்கம். வந்து எடை பார்த்தேன்: 1.6 கிலோ குறைவு. வழியில் குடித்த அரை லிட்டரையும் கணக்கில் சேர்த்தால் 2 லிட்டருக்கு மேல் வியர்வை.

கடைசி 5 கிலோமீட்டர் கால் என்னுடையதாகவே இல்லை. வலது முழங்காலுக்குக் கீழே, முன்கால் எலும்பின் உட்புறம் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுருக்கென்கிறது. 23 நாளாக ஒரு நாளும் விடாமல் ஓடியிருக்கிறேன். போன வாரம்வரை அதைப் பெருமையாக இங்கே எழுதியும் வந்தேன்.

அக்டோபர் 16, புதன்

மழை விடுமுறை. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். வேறு வழியில்லாமல்தான் இன்று ஓடவில்லை.

எழுந்ததும் படுக்கையிலேயே நாடி பார்த்தேன். 66. ஆகஸ்டில் 56தான் இருந்தது. இரவு முழுக்கப் படுத்திருந்தும் உடம்பு இன்னும் ஏதோ வேலையில் இருக்கிறது.

அக்டோபர் 21, திங்கள்

ஸ்கேன் எடுத்தாயிற்று. எலும்பு முறியவில்லை, முறிவதற்கு முந்தைய நிலை. நான்கு வாரம் ஓடக் கூடாது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பாரம் ஏறினால் எலும்பு முதலில் தேய்ந்த பகுதியைக் கரைத்து எடுக்குமாம். அப்புறம்தான் புது எலும்பு வைக்கும். எடுப்பது சீக்கிரம் முடிந்துவிடும், வைப்பதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். நான் அந்த நேரம் பார்த்துத்தான் தினமும் போய் அதன்மேல் குதித்திருக்கிறேன். ஓடும்போது பலம் வருகிறது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். பலம் வருவது ஓடி முடித்த பிறகு, படுத்திருக்கும்போது.

அடுத்து, வீட்டில் அம்மா தினமும் கேட்கிற அதே கேள்வியை டாக்டரும் கேட்டார்: "ஓடிட்டு வந்து என்ன சாப்பிடுறீங்க?" இரண்டு இட்லி, ஒரு காபி. உடல் எடை ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 1 கலோரி என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டினார். 56 கிலோ, 28 கிலோமீட்டர்: 1,500க்கு மேல். மாதவிடாய் தள்ளிப் போகிறதா என்றும் கேட்டார். போகிறது. நான் பின்பற்றிய எந்தப் பயிற்சி அட்டவணையும் இதை என்னிடம் கேட்டதில்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லேயே இந்தக் குறைபாட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டதாம். செலவுக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாவிட்டால் எலும்பு, ஹார்மோன், எதிர்ப்புச் சக்தி எல்லாமே அடிவாங்கும். ஆண்களுக்கும் வரும். ரத்தத்தில் இரும்புச் சேமிப்பும் குறைவாக இருப்பதால் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஓடுகிற பெண்கள் யாராவது இதைப் படித்தால், மாதவிடாய் நின்றுபோவதைக் கடும் பயிற்சியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

நவம்பர் 2, சனி

நீச்சல்குளத்தில் இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு 40 நிமிட நீர்நடை. தீபாவளி அதிரசம் நான்கு. நாடி 61.

நவம்பர் 20, புதன்

பெசன்ட் நகரில் 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, பத்து முறை. வலி இல்லை. கண் கலங்கிவிட்டது.

வீட்டிலிருந்த நாட்களில் பழைய பதிவுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். 'மெதுவான' நாளில் கிலோமீட்டருக்கு 6:00 நிமிடம், 'வேகமான' நாளில் 5:40. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. மெதுவான நாளில் களைத்துப்போய், வேக நாளில் வேகம் வராமல், எல்லாமே நடுவில் கிடந்திருக்கிறது. நார்வேயில் ஆராய்ச்சி செய்யும் ஸ்டீஃபன் சைலர், உலகத்தர வீரர்களின் பயிற்சிகளில் சுமார் 80 சதவீதம் இலகுவானவை என்று கண்டார். கென்ய மாரத்தான் வீரர் கிப்சோகே 2019 அக்டோபரில் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1:59:40 மணி நேரத்தில் ஓடி முடித்தபோது கிலோமீட்டருக்குச் சராசரி 2:50. அவருடைய இலகு ஓட்டங்களோ 4 நிமிடத்துக்கும் மேல். அவரே அவ்வளவு மெதுவாக ஓடும்போது எனக்கு என்ன அவசரம்?

இனி எனக்கு 7:30. முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். ஓட்டக் குழுவிலுள்ள தம்பி பக்கத்திலேயே வந்தான். "அக்கா, நீங்க பேசிக்கிட்டே வாங்க, மூச்சு வாங்கினா நான் சொல்றேன்" என்றான்.

நவம்பர் 30, சனி

ஃபெங்கல் புயல். ஜன்னல் கதவெல்லாம் அடித்துக்கொள்கிறது. மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினேன், குற்ற உணர்ச்சி இல்லாமல்.

ஜனவரி 5 அன்று ஓடப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். 42 கி.மீ.க்கு இந்த எலும்பு இன்னும் தயாரில்லை. கட்டிய பணம் போகட்டும். அன்று ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போகிறேன். அம்மாவிடம் சொன்னேன். "சாப்பிட வா" என்றாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

9 கி.மீ., 7:25. வந்தவுடன் ராகிக்கூழ், இரண்டு முட்டை, வாழைப்பழம். முன்கால் எலும்பை மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பார்த்தேன், எங்கேயும் சுருக்கென்னவில்லை. காலை நாடி 57.

நாளை ஓட்டம் இல்லை. அதையும் இங்கே எழுதுவேன்.